பக்கத்து நோட்டைப் பார்த்து

என் சித்தி மகளின் பள்ளி நோட்டுகள் இன்னும் வீட்டுப் பரணில் இருக்கின்றன. முத்து முத்தான கையெழுத்து. ஓரத்தில் சிவப்புக் கோடு, மேலே தேதி, தலைப்புக்கு அடிக்கோடு. எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் நோட்டில், பாடத்தின் நடுவே, வேறொரு பிள்ளையின் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தன் நோட்டில் தன் பெயரை எழுதியிருக்கிறாள். இவள் அதையும் பார்த்து எழுதிவிட்டாள்.

தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சங்கரன்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு பத்தாம் வகுப்புவரை போய்வந்தாள். பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போனால் பாளையங்கோட்டை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி தொடங்கிய காது கேளாதோர் பள்ளி அங்கே இருக்கிறது. அவளை அங்கே சேர்க்கலாமா என்று வீட்டில் பல இரவுகள் பேசினார்கள். ஐந்து வயதுப் பெண்ணை விடுதியில் விட்டுவிட்டு எப்படித் தூங்குவது என்றார் சித்தி. அங்கே போனால் கையாட்டிக் கையாட்டிப் பேச்சே வராமல் போய்விடும் என்றார் தாத்தா. கடைசியில் உள்ளூர்ப் பள்ளியே முடிவாயிற்று. அன்பினால் எடுத்த முடிவுதான். அதை இன்று குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பத்து வருடம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்குக் கிடைத்தது நல்ல கையெழுத்து மட்டும்தான் என்பதை மறைக்கவும் முடியாது.

முப்பது வருடம் கழித்தும் தமிழ்நாட்டில் காது கேளாத குழந்தையைப் பெற்றவர்கள் இதே கேள்வியோடுதான் அலைகிறார்கள். செவித்திறனை அளக்கும் பெரா டெஸ்ட் எடுத்து வந்த அன்றே தொடங்கிவிடுகிறது: சிறப்புப் பள்ளியா, சாதாரணப் பள்ளியா? மருத்துவர் ஒன்று சொல்வார், சிறப்பாசிரியர் ஒன்று சொல்வார், சொந்தக்காரர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். இரு பக்கத்துக்கும் சொல்ல நியாயம் உண்டு. ஆனால் இரு பக்கத்தாரும் பள்ளியைப் பற்றியே பேசுகிறார்கள். பள்ளிக்கு வருமுன் அந்தக் குழந்தைக்கு ஒரு மொழி இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. என் கணக்கில் அதுதான் முதல் கேள்வி.

காது கேட்கும் குழந்தை ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது ஆயிரக்கணக்கான சொற்களோடு வருகிறது. யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லிக் கொடுத்தவை அல்ல. அடுக்களையில் அம்மாவும் பாட்டியும் பேசியது, தெருவில் சண்டை, டிவி, பேருந்தில் முன்சீட்டுக்காரர் போனில் சொன்ன வீட்டுக் கதை எல்லாம் காதில் விழுந்து சேர்ந்தவை. காது கேளாத குழந்தைக்கு இந்த இலவச வரவு கிடையாது. தன்னைப் பார்த்து, தனக்குப் புரியும் வகையில் யாராவது சொன்னால்தான் உண்டு. இப்படிப்பட்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். அந்தப் பெற்றோருக்குச் சைகை மொழி தெரியாது. ஆக, மொழி ஊறவேண்டிய முதல் ஐந்து வருடங்கள் காலியாகப் போகின்றன. 1998இல் அமெரிக்காவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி கிடைத்த குழந்தைகள் பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முந்தியிருந்ததைக் காட்டியது. நம் ஊரில் ‘அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்ற ஒரு வாக்கியத்திலேயே இரண்டு மூன்று வருடம் கரைந்துவிடுகிறது.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்கிறவர்களிடம் நான் கண்ணாடி முன் நின்று ‘மாடு’, ‘பாடு’ என்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். மாலையும் பாலையும் உதட்டில் ஒன்றுதான். ககரம் தொண்டைப் பக்கம் பிறக்கிறது; ல, ள, ழ மூன்றும் நாக்கின் வேலை; எதுவும் வெளியே தெரியாது. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. யார் செய்தார், எப்போது செய்தார், யாருக்குச் செய்தார் என்பதெல்லாம் சொல்லின் வாலில் வருகிறது. அந்த வாலைத்தான் நாம் பேசும்போது விழுங்குகிறோம். அவனை, அவனுக்கு, அவனோடு என்ற வேறுபாடு உதட்டைப் பார்ப்பவருக்கு மங்கலான அசைவு. அதோடு வீட்டுத் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. ‘வந்துட்டாங்க’ என்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை ‘வந்துவிட்டார்கள்’ என்பதை ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்ளும். காது கேளாத பிள்ளைக்கு முதல் படியே இல்லாதபோது இரண்டாம் படி எங்கிருந்து வரும்? என் தங்கை இன்றும் வாட்ஸ்அப்பில் ‘நான் கடை போனேன் அம்மா மருந்து வாங்கி’ என்றுதான் எழுதுகிறாள். அவள் அறிவுக்குக் குறைவில்லை. வேற்றுமை உருபுகளை அவளுக்குப் பிடிபடும் வழியில் யாரும் காட்டித் தரவில்லை.

இப்போது அந்தக் குழந்தையைச் சாதாரண வகுப்பறையில் உட்காரவைத்துப் பார்ப்போம். நாற்பது பிள்ளைகள், தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு. காதில் மாட்டும் மெஷின் ஆசிரியரின் குரலை மட்டும் பொறுக்கி எடுத்துத் தராது. பெஞ்சு இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசுவார். முகம் திரும்பினால் பாடமும் நின்றுவிடும். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் பிள்ளை தலையை ஆட்டும். மற்றவர்கள் ஆட்டுகிறார்களே. யாரோ ஏதோ சொல்ல வகுப்பே சிரிக்கும்; இவளும் அரை நொடி பிந்திச் சிரிப்பாள். மதியச் சாப்பாட்டு நேரம் இன்னும் கடினம், ஏனென்றால் அங்கே ஆறு பேர் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். முன்பெஞ்சில் உட்காரவைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். முன்பெஞ்சில் இருப்பவளுக்குப் பின்னால் இருந்து கேள்வி கேட்கும் பிள்ளையின் முகம் தெரியாது.

ஆனாலும் சாதாரணப் பள்ளியின் பலத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பிள்ளை மாலையில் வீட்டுக்கு வருகிறது. அண்ணன் தம்பியோடு அதே வேனில் போகிறது. முழுப் பாடத்திட்டம், எல்லாப் பாடப் பிரிவுகள், எல்லோருக்கும் உள்ள அதே எதிர்பார்ப்பு அங்கே உண்டு. காது எவ்வளவு கேட்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதிலும் 70 டெசிபல் இழப்பைக் கேளாமை என்றும், 60 முதல் 70 வரையிலான இழப்பைச் செவித்திறன் குறைவு என்றும் பிரிக்கிறது. இரண்டாம் வகைக் குழந்தைக்குச் சரியான மெஷினும் பயிற்சியும் சிறு வயதிலேயே கிடைத்தால் பக்கத்துப் பள்ளியே நல்ல இடம். முழுக் கேளாமையிலும் இந்த வழி பலிப்பதுண்டு. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா சைகையின்றி, கேட்கவும் பேசவும் மட்டுமே பழக்கி, சின்னஞ்சிறு குழந்தைகளைப் பெற்றோரோடு சேர்த்தே பயிற்றுவிக்கிறது. அங்கிருந்து சாதாரணப் பள்ளிக்குப் போய் நன்றாகப் படித்தவர்கள் உண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னால் இருப்பவற்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும்: மிகச் சிறு வயதில் கண்டுபிடிப்பு, தேர்ந்த ஆசிரியர்கள், வருடக்கணக்காகப் பகல் முழுவதையும் குழந்தைக்கே கொடுக்க முடிகிற அம்மா. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு இதில் கடைசியாகச் சொன்னது எங்கே வாய்க்கும்?

உட்செவியில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை இந்தக் கணக்கை மாற்றியிருக்கிறது. லட்சக்கணக்கில் செலவாகும் அந்தச் சிகிச்சையை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்து தருவது தமிழ்நாடு பெருமைப்படத்தக்க காரியம். ஆனால் அறுவை முடிந்து கட்டுப் பிரித்ததும் ‘காது வந்துவிட்டது’ என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். வந்தது ஒலி. உட்செவியில் ஆயிரக்கணக்கான முடிச்செல்கள் செய்யும் வேலையை அதிகம் போனால் இருபது சொச்சம் மின்முனைகள் செய்கின்றன. அந்த ஒலியைச் சொல்லாக்க மாதக்கணக்கில், பெரும்பாலும் வருடக்கணக்கில், ஸ்பீச் தெரபி வேண்டும். பயிற்சி மையம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. அப்பாவின் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. மூன்றாம் மாதம் பயணம் நின்றுவிடுகிறது. கேபிள் அறுந்தாலோ வெளிக்கருவி பழுதானாலோ அடுத்த செலவு. இப்படி நடுவழியில் நின்ற குழந்தை பேச்சும் வராமல், சைகையும் கற்காமல், ஏழு வயதில் சாதாரணப் பள்ளியின் கடைசி பெஞ்சுக்கு வந்து சேர்கிறது. பள்ளிப் பதிவேட்டில் அது ‘உள்ளடக்கிய கல்வி’ என்று ஏறும்.

‘சைகை பழக்காதீர்கள், பேச்சு வராது’ என்ற அறிவுரையையும் இங்கே எடைபோடவேண்டும். அதற்கு ஆதாரமே இல்லை என்று தள்ளிவிடமாட்டேன். 2017இல் ஆன் கீர்ஸும் குழுவினரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, காக்ளியர் பொருத்தப்பட்ட குழந்தைகளில் சைகை அறியாதவர்கள் பேச்சிலும் வாசிப்பிலும் முந்தியதாகச் சொன்னது. அதை மறுத்தவர்கள் ஒரு குறையைச் சுட்டினார்கள்: சைகை பயன்படுத்திய வீடுகள் என்று அங்கே ஒன்றாகச் சேர்க்கப்பட்டவற்றில் தட்டுத்தடுமாறிச் சில சைகை கற்ற பெற்றோரும் அடக்கம். அந்த ஆய்வுக்கு மூன்று வருடம் முன்பே, காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து பிறவி முதல் சைகையில் ஊறிய காக்ளியர் குழந்தைகள், ஆங்கிலத்தில் காது கேட்கும் குழந்தைகளுக்கு இணையாக இருந்ததை டேவிட்சன், லில்லோ-மார்ட்டின், சென் பிஷ்லர் மூவரும் காட்டியிருந்தார்கள். வழக்கு முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் இரண்டு பிழைகளின் விலை ஒன்றல்ல. சைகையும் கற்று, பேச்சும் வந்த பிள்ளைக்கு நட்டம் எதுவும் இல்லை. சைகையை மறுத்து, பேச்சும் வராத பிள்ளைக்குத் திரும்ப வராத வருடங்கள் போய்விடுகின்றன. இரண்டாவதற்கு அந்த அறிவுரையைச் சொன்னவர் யாரும் பொறுப்பேற்பதில்லை.

காது கேளாதோர் பள்ளியின் பெரிய கொடை பாடத்திட்டத்தில் இல்லை. நிகரகுவாவில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. 1970களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் தலைநகர் மனாகுவாவில் முதன்முறையாக நூற்றுக்கணக்கான காது கேளாத பிள்ளைகள் பள்ளிகளில் ஒன்றுசேர்ந்தார்கள். ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியை உதட்டசைவில் கற்பிக்க முயன்று தோற்றார்கள். அதே நேரத்தில் பிள்ளைகள் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் அவரவர் வீட்டுச் சைகைகளைக் கலந்து ஒரு மொழியை உருவாக்கிவிட்டார்கள். பின்னால் வந்த சிறுபிள்ளைகள் அதற்கு இலக்கணச் செறிவு கொடுத்தார்கள். 1986இல் அங்கே போன மொழியியலாளர் ஜூடி கெகல் அதைக் கண்டு பதிவுசெய்தார். யாரும் கற்றுத் தராமலே குழந்தைகளால் மொழியை ஆக்கமுடியும். ஆனால் தனித்தனியாக இருந்தால் முடியாது, கூட்டம் வேண்டும். நம் சிறப்புப் பள்ளி விடுதிகளிலும் இதுதான் நடக்கிறது. ஆறாம் வகுப்பு அக்கா ஒன்றாம் வகுப்புத் தங்கச்சிக்கு, விளக்கணைக்கும் முன் கட்டிலில் உட்கார்ந்து கதை சொல்கிறாள். அங்கே யாரும் அரை நொடி பிந்திச் சிரிக்கவேண்டியதில்லை.

சைகை மொழியைப் பள்ளிகளே நெடுங்காலம் அடக்கிவைத்தன. 1880இல் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி மாநாட்டில் கூடிய 164 பிரதிநிதிகள் இனிப் பேச்சுவழிக் கல்வியே மேல் என்று தீர்மானம் போட்டார்கள்; அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். சைகை செய்த பிள்ளைகள் கைகளில் அடிவாங்கினார்கள். 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு வருத்தம் தெரிவித்தது. 130 வருடம்! நம் ஊர்ச் சிறப்புப் பள்ளிகள் பலவற்றிலும் வகுப்பறையில் பேச்சுவழி, விடுதியில் சைகை என்ற இரட்டை வாழ்க்கைதான் நெடுநாள் நடந்தது.

சிறப்புப் பள்ளியின் குறைகளைச் சொல்லாமல் விட்டால் நான் ஒரு பக்க வழக்கறிஞனாகிவிடுவேன். முதல் குறை, தாழ்ந்த எதிர்பார்ப்பு. ‘பாவம், இவ்வளவு படித்தால் போதும்’ என்ற இரக்கம் பிள்ளையைக் கீழேயே உட்காரவைக்கிறது. பாடத்தைச் சுருக்கிச் சுருக்கி, கேள்வி பதிலாக்கி, மனப்பாடமாக்கி முடிக்கிறார்கள். பல பள்ளிகளில் மேல்நிலையில் அறிவியல் பிரிவே கிடையாது. தையல், தட்டச்சு, அதற்கடுத்துக் கணினியில் விவரம் ஏற்றும் வேலை. மருந்தாளுநராக ஆசைப்படும் பிள்ளை அங்கே என்ன செய்யும்? இரண்டாவது, ஆசிரியர்களே சரளமாகச் சைகை பேசுவதில்லை. பாடப்புத்தகத் தமிழின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சைகை என்று வாயோடு கையை ஆட்டுவது சைகை மொழியாகாது. இந்தியச் சைகை மொழியில் ‘எங்கே’, ‘யார்’ என்ற கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். இடத்தையும் முகத்தையும் வைத்தே பாதி இலக்கணம் நடக்கிறது. காது கேளாத ஆசிரியர் ஒருவர்கூட இல்லாத காது கேளாதோர் பள்ளியில் அந்த மொழியைப் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள். மூன்றாவது, விடுதி. ஐந்து வயதில் வீட்டைவிட்டுப் போகும் குழந்தை கோடை விடுமுறைக்கு விருந்தாளிபோல் வருகிறது. அது புதிதாகக் கற்ற மொழி வீட்டில் யாருக்கும் தெரியாது. மூடிய விடுதிக்குள் தவறு நடந்தால் யாரிடம், எந்த மொழியில் சொல்லும்? தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் காது கேளாதோர் பள்ளி ஒன்றில் வருடக்கணக்காக நடந்த கொடுமை, 2011இல் திரைப்படமாக வந்த பிறகே நாட்டை உலுக்கியது; சட்டம் திருத்தப்பட்டது, பள்ளி மூடப்பட்டது. சித்தியின் பயம் வெறும் பாசப்பயம் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், தாராளமாகவே சொல்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 6 முதல் 18 வயதுவரை, 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கு அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. காது கேளாதவருக்கு உகந்த மொழியில், உகந்த முறையில் கல்வி தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தெற்கத்தி மாவட்டக் கிராமத்தில் அந்த விருப்பம் இரண்டாகச் சுருங்குகிறது: மொழியில்லாத பக்கத்துப் பள்ளி, அல்லது வீடில்லாத தூரத்துப் பள்ளி. பக்கத்துப் பள்ளிக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருவார். பார்வைக் குறை, செவிக் குறை, மூளைவளர்ச்சிக் குறை என்று எல்லாவகைக் குழந்தைகளும் அவர் பொறுப்பு, பள்ளிகளும் பல. அந்த ஆசிரியர்களின் உழைப்பை நான் அறிவேன், குறை அவர்களுடையதல்ல. 2021இல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்சநீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற அளவை வைத்தது. அந்த ஒருவருக்குச் சைகை தெரிந்திருக்கவேண்டாமா என்ற கேள்வி இன்னும் மேலெழவில்லை. தில்லியிலுள்ள இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. 2020 முதல் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களைச் சைகை வீடியோவாக்கும் பணியும் நடக்கிறது. நல்ல தொடக்கம். வீடியோ எதிர்க் கேள்விக்குப் பதில் சொல்லாது.

இரண்டில் ஒன்று என்ற இந்தப் பிடியிலிருந்து விலகிய முயற்சி ஒன்று ஹாங்காங்கில் 2006 முதல் நடக்கிறது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் கிளாடிஸ் டாங் முன்னெடுத்தது. சாதாரணப் பள்ளியின் வகுப்பில் காது கேளாத பிள்ளை ஒருவரைத் தனியாகச் சேர்க்காமல், பலரைச் சேர்த்தே உட்காரவைக்கிறார்கள். காது கேட்கும் ஆசிரியரும் கேளாத ஆசிரியரும் இணைந்து பாடம் நடத்துகிறார்கள். காது கேட்கும் பிள்ளைகளும் சைகை கற்கிறார்கள். இதை நம் ஒன்றியங்களில் செய்ய என்ன தடை? சிதறிக்கிடக்கும் பிள்ளைகளைப் பேருந்து வசதியுள்ள ஒரே அரசுப் பள்ளியில் சேர்த்து, அங்கே சைகை தெரிந்த இருவரை நிரந்தரமாக நியமித்தால் பிள்ளை இரவில் வீட்டில் தூங்கும், பகலில் தன் கூட்டத்தோடு இருக்கும். ஊருக்கு ஊர் ஒரு பிள்ளையை அமர்த்தி, வாரத்துக்கு ஒரு முறை எட்டிப்பார்ப்பதைவிட இதற்கு அதிகம் செலவாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அது வரும்வரை என்ன செய்வது என்று கேட்கும் பெற்றோருக்கு என் முடிவை ஒளிக்காமல் சொல்கிறேன். குழந்தைக்கு இரண்டு வயதுக்குள் மெஷினோ காக்ளியரோ கிடைத்து, பயிற்சி நிற்காமல் நடந்து, நான்கு வயதில் அது கதை கேட்டுக் கதை சொல்கிறதென்றால் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். கூடவே சைகையும் பழக்குங்கள். ஐந்து வயதாகியும் சொற்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் என்றால், இன்னொரு வருடம் பார்ப்போம் என்று காத்திருக்கவேண்டாம். சைகையில் பாடம் நடத்தும் சிறப்புப் பள்ளிக்குப் போங்கள், முடிந்தால் அந்த ஊரிலேயே வீடு பாருங்கள். அப்படிக் குடிபெயர்ந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பள்ளியைப் பார்க்கப் போகும்போது தலைமையாசிரியர் அறையில் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதோடு திரும்பிவிடாதீர்கள். மதிய மணி அடித்த பிறகு அரை மணி நேரம் மரத்தடியில் நின்று பாருங்கள்.

என் தங்கை 22ஆம் வயதில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே காது கேளாதவர்கள் பதினைந்து பேர். மூன்றாம் வாரம் அவர்கள் அவளுக்கு ஒரு சைகைப் பெயர் வைத்தார்கள்: புருவத்துக்கு மேலுள்ள மச்சத்தை விரலால் தொட்டு, கையை முன்னால் கொண்டுவருவது. அந்த ஒரு வருடத்தில் அவள் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. தாத்தா ஏன் செத்தார் என்பது முதற்கொண்டு கேட்டாள். அப்போது தாத்தா இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

போன வருடம் எங்கள் பங்காளி வீட்டில் பிறந்த பெண் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரியவந்தது. குழந்தைக்குப் பதினொரு மாதம். எந்தப் பள்ளி நல்லது என்று இப்போதே விசாரித்து வைக்கலாமென அவர்கள் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். அவள் பள்ளி பற்றி எதுவும் சொல்லவில்லை. ‘பாப்பா வீடு யார் கை பேசும்?’ என்று திருப்பிக் கேட்டாள். அவர்களிடம் பதில் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரண்டு பேருந்து மாறி அவளே போய்வருகிறாள். குழந்தைக்கு இப்போது ‘பால்’, ‘விளக்கு’, ‘பூனை’, ‘இன்னும்’ என்று நான்கு சைகைகள் தெரியும். குழந்தையின் பாட்டிக்கு மூன்று.